தவறு என்று எழுதிய துண்டுகள்

அன்று காலை பதினொரு மணிக்கு அலுவலக அறையில் கூடியவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், நிர்வாகி. அவருக்கு இடப்பக்கம், மருந்து அலமாரியை ஒட்டி, நர்ஸ். வாசலருகே முக்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயார் என்பதுபோல, துணி துவைக்கும் மெஷின் அண்ணன். மேசைக்கு எதிரே, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்த மனைவி. ஜன்னலோரக் குட்டி மேசையில், பெரிய பதிவேட்டை விரித்தபடி, தேதி அக்கா.

யாரைப் பற்றிப் பேச இத்தனை பேரும் கூடினார்களோ அந்தக் கணவர் மட்டும் அறைக்குள் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கூடத்தின் நீள மேசை முன்னால் நின்றபடி, துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

அது நினைவு தப்பிப்போனவர்களுக்கான பகல் இல்லம். காலை எட்டரைக்கு வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். மாலை ஐந்தரைக்கு வந்து கூட்டிப்போவார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர். சும்மா உட்கார வைத்தால் மனசு இன்னும் வேகமாகக் கரையும் என்பதால் ஆளுக்கொரு வேலை உண்டு. தோட்ட வேலை பார்த்தவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அச்சகத்தில் இருந்தவர் பழைய செய்தித்தாள்களை அடுக்குவார். ஓட்டல் நடத்திய அம்மா ஒருவர், எதிர்ப்படுகிற எல்லோரையும் ‘சாப்டாச்சா, சாப்டாச்சா’ என்று விசாரித்தபடி நடப்பார். அதுவும் வேலைதான், பதிவேட்டில் ஏறியிருக்கிறது.

ஆளுக்குத் தக்க வேலை என்ற இந்த ஏற்பாட்டைச் செய்ததே தேதி அக்காதான். தேன் பாட்டில் மூடியில்கூடத் திறந்த தேதியை எழுதி ஒட்டுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். புதிதாக யார் வந்தாலும் குடும்பத்தாரிடம் நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இவங்க கைக்கு எது பழக்கம்?’

கூடத்தில் மடித்துக்கொண்டிருந்த துண்டு ஐயாவின் கை முப்பத்துநாலு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்கில் பழகிய கை. அதனால் முந்தின நாள் துவைத்துக் காய்ந்த நாற்பது துண்டுகள் தினமும் காலையில் அவர் முன்னால் வைக்கப்படும். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு உதறு உதறி, மூன்றாக மடித்து, ஓரம் உள்ளே போக அடுக்குவார். அடுக்கு, ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி நிற்கும். ஆனால் சிலதை மட்டும் நான்காக மடித்து, ஒரு மூலையை வெளியே மடக்கிவிட்டு, தனியே ஓரமாக வைத்துவிடுவார்.

பதிவேட்டில் இதற்காகத் தேதி அக்கா இரண்டு பத்தி போட்டிருந்தாள். ஒன்றின் தலைப்பு ‘சரி’, மற்றதன் தலைப்பு ‘தவறு’. மாலை நாலரைக்கு அந்தத் தனி அடுக்கை எடுத்துப் பிரித்து, முறையாக மூன்றாக மடித்து, மற்றவற்றோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வாள். மறுநாள் எல்லோருக்கும் முகம் கழுத்து துடைக்க அந்தத் துண்டுகள்தான் புழங்கும்.

நிர்வாகி அந்தப் பக்கத்தைத்தான் மனைவி பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்கம்மா. நாலு மாசம் முன்னாடி மூணு. அப்புறம் மூணு, நாலு, அஞ்சு, ஏழு. போன வாரம் பதினொண்ணு. நோய் முத்திக்கிட்டே வருது. நாங்களா இட்டுக்கட்டிச் சொல்லல. எழுத்துல இருக்கு.”

பிறகு மூன்று சம்பவங்களையும் வாசித்தார். முதலாவது, தேதி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது. இரண்டாவது, நர்ஸ் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தது. மூன்றாவது, போன செவ்வாய்க்கிழமை, இருந்த துண்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு அலமாரி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டது. ஒன்றே முக்கால் மணி நேரம் இல்லத்தில் யாருக்கும் முகம் துடைக்கத் துணி இல்லை. மூன்று சம்பவம் ஆகிவிட்டால் மேற்குழுவுக்கு எழுதியாக வேண்டும் என்பது விதி. மேற்குழு மறுநாள் காலை கூடுகிறது. நாலு மணிக்குத் தபால் பையோடு வண்டி போய்விடும். கடிதத்தின் வரைவைத் தேதி அக்கா முந்தின நாளே எழுதி வைத்திருந்தாள். பொருள்: பயனாளி ஒருவரை இல்லத்திலிருந்து விடுவித்தல்.

மனைவி கடைசி வரை கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“விடுவிச்சா எங்க போவாரு? வீட்டுக்குத்தான் வருவாரு. வீட்ல யாரு இருக்கா? நான் கவுண்டர்ல உக்காந்து டிக்கெட் குடுத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு சார். ஒண்ணு, நான் வேலைய விடணும். இல்ல, மனுஷன உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போகணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

நிர்வாகி மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார். நர்ஸ் தன் விரல் நகத்தைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு,” என்றார் மனைவி. “தவறுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன? இவரா துண்ட தப்பா மடிச்சாரு? கல்யாணம் ஆன மறுநாளே என் பெட்டியத் தொறந்து, ‘துணிய இப்படியா வெப்பாங்க’ன்னு மொத்தத்தையும் பிரிச்சு அடுக்கினவரு. எங்கம்மா கேட்டாங்க, ‘மாப்பிள்ளைக்கு வேற சோலியே இல்லையா’ன்னு. என் பேர மறந்துட்டாரு, ஒத்துக்கறேன். துண்ட எப்படி மறப்பாரு? கொண்டாங்க, நான் பாக்கறேன்.”

மெஷின் அண்ணன், எழுந்துகொள்ள ஒரு காரணம் கிடைத்ததே என்று, ஓடிப்போய் ஓரமாக இருந்த அடுக்கை அப்படியே ஏந்திக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பன்னிரண்டு.

மனைவி, அடுக்கின் மேலே இருந்த துண்டின் மடக்கிய மூலையைத் தொட்டார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு.

“இது தப்பு இல்ல. இது எனக்கு வர்ற குட்டு. நான் துவைச்சது எதாவது பிடிக்கலன்னா இவரு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நாலா மடிச்சு, மூலைய வெளிய தள்ளி, கட்டில் மேல வெச்சுட்டுப் போயிடுவாரு. இதுக்காக எத்தனை நாள் சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? கிடங்குல அதுதான் அடையாளமாம். நோயாளிகிட்ட போகக் கூடாது, திருப்பி அலசணும்னு அர்த்தம்.”

ஜன்னலோரத்தில் தேதி அக்காவின் பேனா நின்றுவிட்டது.

நர்ஸ் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். “சுத்தமாத்தானே இருக்கு. கறை இல்ல, கிழிசல் இல்ல. பழக்க தோஷத்துல எதையோ எடுத்து எப்படியோ மடிக்கறாரு. அதுக்குப் போய் அர்த்தம் தேடுனா எப்படி?”

“எதையோ எடுக்கறாரா, பாத்து எடுக்கறாரான்னு தெரிஞ்சுக்கலாமே,” என்றாள் தேதி அக்கா. அவள் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டது. “எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க சார்.”

துண்டு ஐயாவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போன சமயத்தில் அவள் கூர்மையான பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு நீள மேசைக்குப் போனாள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தைத்திருந்த வெள்ளை நாடாவின் உட்பக்கம், ஒன்றிலிருந்து நாற்பது வரை, எறும்பு அளவுக்கு எண் எழுதினாள். தனி அடுக்கில் இருந்த பன்னிரண்டின் எண்களையும் ஒரு தாளில் குறித்து, தேதியும் நேரமும் போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு நாற்பதையும் பிரித்துக் குவித்தார்கள். சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல மெஷின் அண்ணன் இரண்டு கையாலும் புரட்டிப் புரட்டிக் கலந்தார்.

ஐயா கை கழுவிவிட்டு வந்தார். குவியலைப் பார்த்தார். காலையில் முடித்த வேலை மறுபடி முளைத்து நிற்கிறதே என்ற வருத்தமெல்லாம் அவருக்கு இல்லை.

“நிறைய வந்திருக்கு இன்னிக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார்.

மனைவி பக்கத்தில் போய் நின்றார். “எத்தனை வருஷமாங்க இந்த வேலை?”

“நேத்துதாம்மா சேர்ந்தேன்,” என்றார் அவர், தெரியாத பெண்மணியிடம் பேசும் மரியாதையோடு. “மேல இருக்கறவரு ரொம்பக் கண்டிப்பு. ஒண்ணு தப்பாப் போனாலும் கூப்பிட்டு நிக்க வெச்சுடுவாரு. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, வெளிச்சம் மறைக்குது.”

மனைவி தள்ளிக்கொண்டார்.

தேதி அக்கா நான்கு மாதம் அந்த மேசையைக் கடந்து போயிருக்கிறாள். நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அவர் துண்டைப் பார்க்கவே இல்லை. கண், வெளியே தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மேல் இருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஒரு உதறு. புறங்கையால் நீளவாக்கில் ஒரு தடவல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓரத்தை ஒரு கசக்கு. அவ்வளவுதான், ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. உடனே மூன்றாகவோ நான்காகவோ மடிந்துவிடும். ஒரு தடவைகூட அந்தக் கை நடுவில் நின்று யோசிக்கவில்லை. காலையில் சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்த மனிதர். மனைவியை யாரோ பெண்மணி என்று நினைக்கிற மனிதர். அந்த ஆளுக்குள் இப்படி ஒரு அறை, விளக்குப் போட்டுத் துடைத்துவைத்தபடி, ஒரு தூசு இல்லாமல் இருந்துகொண்டிருந்ததா என்று அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

இருபது நிமிடத்தில் முடிந்தது. பெரிய அடுக்கில் இருபத்தேழு. தனி அடுக்கில் பதின்மூன்று.

மெஷின் அண்ணன் நாடாவைப் புரட்டி எண்ணை வாசிக்க, தேதி அக்கா தாளை விரித்து ஒவ்வொன்றாக டிக் போட்டாள். “நாலு.” இருந்தது. “ஏழு.” இருந்தது. “பதினாறு.” இருந்தது. வாசிக்க வாசிக்க அண்ணனின் குரல் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கோயிலுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. காலையில் ஒதுக்கிய பன்னிரண்டும் ஒன்று விடாமல் மறுபடி ஒதுங்கியிருந்தன. கூடுதலாக முப்பத்தொன்று.

“ஒண்ணு கூடிப்போச்சு பாருங்க,” என்றாள் நர்ஸ், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தவள்போல. “முப்பத்தொண்ணு காலையில சரி, மத்தியானம் தவறா?”

“தண்ணில போடுங்க,” என்றார் மனைவி. “அலசணும்னுதானே அவரு சொல்றாரு. அலசிப் பாத்துடலாம்.”

அகலமான வெள்ளைத் தொட்டி ஒன்று வந்தது. நிர்வாகியும் அறையை விட்டு எழுந்து வந்துவிட்டார். முதலில் பெரிய அடுக்கிலிருந்து ஒன்றை முக்கிப் பிழிந்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னும் மூன்றை முக்கினார்கள். அப்படியேதான். தண்ணீரை மாற்றிவிட்டு, தனி அடுக்கிலிருந்து நாலாம் எண்ணை முக்கினார் மெஷின் அண்ணன். பிழிந்ததும் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கியது. ஓரமெல்லாம் நுரை எழும்பி நின்றது. ஏழு, நுரை. பதினாறு, நுரை. இன்னும் ஐந்தாறை, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் மாற்றி முக்கினார்கள், ஒவ்வொன்றும் நுரைத்தது. கடைசியாக முப்பத்தொன்று. தண்ணீர் மங்கவில்லை. நர்ஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் தொட்டியின் விளிம்பை ஒட்டி, நூல் மாதிரி, ஒரே ஒரு கோடு நுரை சுற்றிக்கொண்டது.

காலையில் அவர் கைக்குத் தப்பியது, மதியம் தப்பவில்லை.

பிறகு மெஷின் அண்ணன்தான் தொட்டியின் முன்னால் குந்தியபடியே சொன்னார்.

“இதெல்லாம் சின்ன மெஷின்ல போட்டதா இருக்கும். சிஸ்டர், நீங்கதான சொன்னீங்க, எல்லாருக்கும் கழுத்துல அரிப்பு வருது, நல்லா சோப்பு போட்டுத் துவைங்கன்னு. ஒரு கரண்டி சேத்துப் போட்டேன். அரிப்பு நிக்கல. இன்னொரு கரண்டி போட்டேன். அப்பவும் நிக்கல. இப்ப நாலு கரண்டி போடறேன். பெரிய மெஷின் அலசிடும். சின்னதால முடியல போல.”

“நான் களிம்பு தடவிக்கிட்டே இருந்தேன்,” என்றாள் நர்ஸ். அவள் கை தன் கழுத்துக்குத் தானாகப் போயிற்று.

தேதி அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள். பதிவேட்டில் யாருக்கு எந்த நாள் அரிப்பு என்பதற்கும் ஒரு பக்கம் உண்டு. அதுவும் அவள் எழுத்துதான். துண்டுப் பக்கத்தையும் தோல் பக்கத்தையும் அருகருகே பிடித்தாள். துண்டு மூன்று தவறிய வாரம், அரிப்பு இரண்டு பேருக்கு. துண்டு ஐந்து, அரிப்பு நான்கு பேருக்கு. துண்டு ஏழு, அரிப்பு ஆறு பேருக்கு. இரண்டு பத்திகளும் படிக்கட்டின் இரண்டு கைப்பிடிபோலச் சேர்ந்தே ஏறிக்கொண்டு போயின. நாள் தவறாமல், மை மாறாமல், அவளே எழுதியது. எழுதியவள் வாசிக்கவில்லை. கூடத்தில் நின்றவர் எழுதவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. ஆனால் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பவங்களின் தேதியையும் தேடினாள். அவள் மணிக்கட்டை அவர் பிடித்தது மாலை நாலரைக்கு. ஒதுக்கி வைத்ததை அவள் பிரித்து நல்லதோடு கலந்ததை அவர் கண்ணால் பார்த்த ஒரே நாள் அது. நர்ஸிடமிருந்து துண்டைப் பிடுங்கியது, ஓட்டல் அம்மாவின் கழுத்தை அவள் துடைக்கப்போனபோது. போன திங்கள்கிழமை அந்த அம்மா சொறிந்து சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைதான் ஐயா எல்லாத் துண்டையும் தூக்கிக்கொண்டு போய்த் தாழ் போட்டார்.

முந்தின நாள் கண்டதை அவர் மறுநாள் எப்படி நினைவில் வைத்திருந்தார் என்று அவளுக்கு விளங்கவில்லை. வைத்திருந்தாரா, இல்லை அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கைக்கு வந்த துண்டுகளே போதுமாக இருந்தனவா, அதுவும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றே எழுதலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் திரும்பப் போனபோது அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இத என்ன பண்றது?” என்று பெரிய அடுக்கிலிருந்து ஒன்றையும் தனி அடுக்கில் எஞ்சியிருந்த, இன்னும் நனைக்காத ஒன்றையும் சேர்த்து நீட்டினாள்.

ஒன்றை வாங்கிக்கொண்டார். மற்றதை அவள் கையிலேயே விட்டுவிட்டார். “அதத் திருப்பி அனுப்புங்க. நோயாளி மேல படற துணிம்மா.”

“எப்படித் தெரியுது உங்களுக்கு?”

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒட்டுதே. உங்களுக்குத் தெரியலயா?”

தேதி அக்கா இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் துண்டு, அவ்வளவுதான்.

“பழகிடும்,” என்றார் அவர் ஆறுதலாக. “நானே நேத்துதான் சேர்ந்தேன்.”

மணி இரண்டே கால். அலுவலகத்தில் நிர்வாகி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“விடுவிக்க வேணாம். அது சரி. ‘மறுபடி பரிசீலிச்சதுல தொடரலாம்னு தெரியவருது’ன்னு நாலு வரி போடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன். நான் சொன்னா மேற்குழு தட்ட மாட்டாங்க.”

“சோப்பு, அரிப்பு, பத்தித் தலைப்பு இதெல்லாம்?”

“எதுக்கு? நாலு மாசமா எல்லாருக்கும் அரிப்பு வர வெச்சோம்னு நாமளே எழுதி, நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கணுமா?”

தேதி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மனைவி எதிரே உட்கார்ந்திருந்தார். நான்கு வரி போதும். அவருடைய இரண்டு வருஷ சர்வீஸ் காப்பாற்றப்பட்டுவிடும். அதைக் கெடுக்கக் கூடாது. ஆனால் நான்கு வரி எழுதினால், அடுத்த தடவை அந்தக் கை யாரையாவது தடுக்கும்போது அது நான்காவது சம்பவம் ஆகிவிடும்.

“சார், காரணம் எழுதலன்னா இவரு முரட்டு ஆளுன்னுதான் கோப்புல இருப்பாரு. மூணு சம்பவமும் அப்படியே நிக்கும். அப்புறம் சொறிஞ்சுக்கிட்டவங்க வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்றது? தலைப்பு போட்டது நான். தினமும் பிரிச்சுக் கலந்தது நான். அத என் பேர்ல எழுதறேன். நீங்க சோப்ப மட்டும் ஏத்துக்கோங்க.”

“கரண்டிய நான் ஏத்துக்கறேன்,” என்றார் வாசலில் மெஷின் அண்ணன்.

“நான் சொல்லித்தானே போட்டீங்க,” என்றாள் நர்ஸ். “என் பேரையும் போடுங்க அக்கா.”

நிர்வாகி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன, ஊர்வலமா வந்து நிக்கறீங்க,” என்றார். பிறகு கண்ணாடித் தடுப்பு வழியே கூடத்தைப் பார்த்தார். அங்கே துண்டு ஐயா வேலை இல்லாததால் மேசை விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “எழுதுங்க. முழுசா எழுதுங்க,” என்றார்.

அவள் எழுதினாள். வலது மேல் மூலையில் தேதி. இடப்பக்கம் பெறுநர். பொருள்: இல்லத்தின் துணிகளைச் சரிபார்க்கும் பொறுப்பைப் பயனாளி ஒருவரிடம் ஒப்படைத்தல். முதலில் நடந்ததை நாள்வாரியாக எழுதினாள். பிறகு எண் போட்டுச் சோதித்ததை எழுதினாள். முப்பத்தொன்றாம் துண்டுக்குத் தனியாக ஒரு பத்தி கொடுத்தாள். ‘அவர் ஒதுக்கிய துண்டுகளைத் தவறு என்று நான்கு மாதம் பதிந்து வந்தது என் பிழை. இன்று முதல் அவர் ஒதுக்குவது எதுவும் மறுபடி அலசப்படாமல் அலமாரிக்குப் போகாது. மூன்று சம்பவங்களையும் சம்பவம் என்ற தலைப்பிலிருந்து நீக்கி, எச்சரிக்கை என்று பதிய அனுமதி கோருகிறேன்’ என்று எழுதினாள். கடைசியில், இதை அவர் எப்படி அறிகிறார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள்.

மனைவியிடம் வாசித்துக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “இவ்வளவு நல்லவரா எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு,” என்றார். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். “நாளைக்கு நான் காலை ஷிப்ட். எட்டரைக்கு விட்டுட்டுப் போறேன்.”

“எட்டு இருபதுக்கே திறந்திருப்பேன்,” என்றாள் தேதி அக்கா.

நிர்வாகி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மூன்று ஐம்பதுக்கு அவள் பக்கங்களை எண்ணி மடித்தாள். பதிவேட்டின் இரண்டு பக்க நகலையும் உள்ளே வைத்தாள். பசையைச் சீராகத் தடவி ஒட்டி, விளிம்பை ஸ்கேலால் அழுத்தி, மேலே முத்திரை குத்தினாள். வண்டி வாசலில் ஹாரன் அடித்தது.

“என்னக்கா, இன்னிக்கு இவ்வளவு கனம்?” என்றார் டிரைவர், கவரைக் கையில் தூக்கிப் பார்த்து.

“ஆறு பக்கம். இணைப்பு ரெண்டு.”

“இத யாரு உக்காந்து படிப்பாங்க?”

“படிக்கலன்னா நேர்ல வந்து வாசிச்சுக் காட்டறேன்னு சொல்லுங்க.”

டிரைவர் சிரித்தபடி கவரைப் பைக்குள் போட்டு, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பக்கத்து சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு வண்டி கிளம்பிப் போயிற்று.